யவனருக்கு எந்த ஊர்?

ரயிலில் எதிரே வந்து உட்காருகிறவரிடம் நாம் முதலில் கேட்பது ஊரைத்தான். பெயரெல்லாம் அப்புறம். ஊர் தெரிந்துவிட்டால் அங்கே நமக்குத் தெரிந்த யாரையாவது தேடிப் பிடித்து, ஒன்றுவிட்ட சொந்தமாவது கண்டுபிடித்துவிடுவோம். இப்படி ஊர் விசாரித்தே பழகிய நாம், இரண்டாயிரம் வருஷமாக நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் மட்டும் அதைக் கேட்டதில்லை. யவனரைச் சொல்கிறேன்.

மேடைகளில் யவனர் அடிக்கடி வருவார். கப்பலில் வந்து இறங்குவார், பொன்னைக் கொட்டுவார், மிளகை அள்ளிக்கொள்வார், மதுரைக் கோட்டை வாசலில் காவல் நிற்பார். கைதட்டல் விழும். பேச்சாளர் அடுத்த பெருமைக்குப் போய்விடுவார். பள்ளிப் புத்தகத்திலும் அவருக்கு ஒரு பத்திதான். பத்திரிகையில் சரித்திரம் எழுதுகிற நாமும் இதற்கு மேல் ஒன்றும் கிழித்துவிடவில்லை. நம் பெருமைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அவரைக் கூப்பிட்டோம். போட்டதும் அனுப்பிவிட்டோம்.

யவனர் என்ற ஒரே பெயருக்குள் பல பேர் இருந்தார்கள் என்பது உண்மை. அலெக்சாந்திரியாவின் கிரேக்கர், எகிப்தியர், சிரியாக்காரர், இத்தாலியப் பணக்காரர்களின் ஏஜெண்டுகள், அவர்களுடைய அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள். முசிறிக்கு வந்த கப்பல்கள் புறப்பட்டதும் செங்கடல் துறைமுகங்களான பெரனிகே, மியோஸ் ஹோர்மோஸ் ஆகிய இடங்களிலிருந்து. சரக்கு திரும்பும்போது அங்கிருந்து ஒட்டகத்தில் நைல் நதிக்கும், நதி வழியாக அலெக்சாந்திரியாவுக்கும், பிறகு மத்தியதரைக் கடலைத் தாண்டி இத்தாலிக்கும் போனது. அந்தக் கடல் முழுவதையும் ஒரு கட்டுரையில் விசாரிக்க முடியாது. நம்மோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒரு கரையை எடுத்துக்கொள்ளலாம்: நேப்பிள்ஸ் வளைகுடா. வடமேற்கே மிசேனம் முனை, தெற்கே சொரெந்தோவும் காப்ரித் தீவும், நடுவில் வெசூவியஸ். அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்குக் கம்பானியா என்று பெயர். இன்றைக்கும் அதே பெயர்தான்.

அரிக்கமேட்டில் கிடைத்த மதுச் சாடிகளின் ஓடுகளில் ஒரு வகை உண்டு. உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் செம்மண் நிறத்துக்குள் கறுப்புப் பொடி மின்னும். சாதாரண ஆற்று மணலோ கடல் மணலோ இப்படி இருக்காது. எரிமலைக் குழம்பிலிருந்து வந்த ஆகைட் என்ற கனிமத் துகள் அது. குயவர் களிமண்ணோடு கலந்த மணல் வெசூவியஸ் சாரலைச் சேர்ந்தது என்று ஓட்டைக் கையில் எடுத்ததும் பழகிய ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் ஆயிரக்கணக்கில் கிடைத்த சாடி ஓடுகளிலும் இந்தக் கருமணல் ஓடுகளுக்குக் கணிசமான பங்கு உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைச் சொல்கிறார் அல்லவா, அந்த மதுவில் ஒரு பகுதியாவது இந்தச் சாரலில் பிழிந்ததாக இருக்கலாம்.

அரிக்கமேட்டுக் கதையிலும் நாம் தவறவிட்ட ஒரு முன்கதை இருக்கிறது. 1944 ஜூலையில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றைத் திறந்து, நீண்ட கைப்பிடியோடு உடைந்து கிடந்த ஒரு சாடித் துண்டைக் கண்டு துள்ளிக் குதித்த கதை நமக்கு மனப்பாடம். அதைப் பார்த்த கணமே அவருக்கு மத்தியதரைக் கடல் என்று எப்படித் தெரிந்தது? படித்த படிப்பு ஒரு காரணம். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1943 செப்டம்பரில், அவர் பிரிட்டிஷ் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றின் தளபதியாக சலெர்னோ கரையில் இறங்கியிருந்தார். சலெர்னோ இதே கம்பானியா. சொரெந்தோ மலைக்கு இந்தப் பக்கம் நேப்பிள்ஸ், அந்தப் பக்கம் சலெர்னோ. சாடி புறப்பட்ட கரையில் குண்டு மழையைப் பார்த்துவிட்டு நேராகச் சாடி வந்து சேர்ந்த கரைக்கு வந்தவர் அவர். அரிக்கமேட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் இதை ஒரு அடிக்குறிப்பாகக்கூடச் சொன்னதில்லை.

சரி, அந்த மது யார் பிழிந்தது?

இந்தக் கேள்வியை நாம் தவிர்த்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. நம் பாட்டில் மது பொற்கிண்ணத்தில் வருகிறது, வளையணிந்த மகளிர் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அரசன் மகிழ்கிறான். அதற்கு முந்தைய காட்சி போஸ்கோரெயாலே என்ற ஊரில் இருக்கிறது. பொம்பெய்க்குச் சற்று வடக்கே, வெசூவியஸ் அடிவாரம். அங்கே வில்லா ரெஜினா என்று ஒரு சின்னப் பண்ணைவீட்டைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். முற்றத்தில் 18 பெரிய மண் தாழிகள் கழுத்துவரை புதைந்திருக்கின்றன. எல்லாவற்றிலுமாகச் சுமார் 10,000 லிட்டர் கொள்ளும். திராட்சை ரசம் அந்தத் தாழிகளில் பொங்கி அடங்கிய பிறகு சாடிகளுக்கு மாறும். ஒரு சாடிக்கு ஏறக்குறைய 26 லிட்டர். உள்ளே பைன் மரத்துக் கீல் பூசியிருக்கும், ஒழுகாமல் இருக்க. அந்தக் கீல் வாசனை மதுவிலும் ஏறும். நக்கீரர் சொன்ன மணத்தில் அதுவும் சேர்த்தி என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். பொம்பெய் மதிலுக்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்துப் பணக்கார வில்லாவில் 2021இல் ஓர் அறையைக் கண்டுபிடித்தார்கள். 16 சதுர மீட்டர். மூன்று கட்டில்கள், அவற்றில் ஒன்று 1.4 மீட்டர்தான் நீளம், குழந்தைக்கு. கயிறு பின்னிய கட்டில், மெத்தை இல்லை. மேலே ஒரு சிறு ஜன்னல். கட்டிலுக்குக் கீழே மண் கலயங்களும் மூத்திரப் பானைகளும். வேறு இடமில்லாததால் மூலையில் எட்டுச் சாடிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். சரக்கு வைக்கிற அறையிலேயே ஒரு குடும்பம் படுத்து எழுந்திருக்கிறது. சாம்பல் மூடியபோது மரமும் கயிறும் மட்கி, அவற்றின் வடிவம் வெற்றிடமாகத் தங்கியது. அதில் சாந்து ஊற்றி வார்ப்பெடுத்ததால் இன்றைக்குக் கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிகிறது.

நாம் அந்தச் சாடியின் வாயைப் பார்த்தோம், கைப்பிடியைப் பார்த்தோம், எந்த நூற்றாண்டு என்று கணக்குப் போட்டோம். பக்கத்தில் படுத்திருந்தவர்களைப் பார்க்கவில்லை. கூலி, அடிமைத்தனம், தீண்டாமை என்றெல்லாம் நம் ஊர்ச் சரித்திரத்தில் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு என்றதும் அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டோம்.

அந்த மது நல்ல மது என்ற நினைப்பும் நமக்கு உண்டு. பொம்பெய் மது குடித்தால் மறுநாள் மத்தியானம்வரை தலைவலி போகாது என்று எழுதி வைத்தவர் ரோமானிய அறிஞர் பிளினி. சொரெந்தோ மதுவைப் பேரரசர் திபேரியஸ் உயர்ரக வினிகர் என்று கிண்டலடித்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

பிளினி விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். ரோமாபுரியின் பணம் வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று அவர் புலம்பியதை மேற்கோள் காட்டாத தமிழ்ப் பேச்சாளர் அபூர்வம். அதே நூலில் இன்னோரிடத்தில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்குமாகப் பத்துக் கோடி என்கிறார். நாம் எது வசதியோ அதைச் சொல்வோம். சில சமயம் இரண்டையும் கலந்துவிடுவதும் உண்டு. அவர் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு எழுதவில்லை, தன் ஊர்ப் பணக்காரர்களின், முக்கியமாகப் பெண்களின் ஆடம்பரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல மாட்டோம்.

அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்பதையாவது சொல்லியிருக்கலாம். கி.பி. 79இல் பிளினி மிசேனத்தில் நிறுத்தியிருந்த ரோமானியக் கடற்படைக்குத் தளபதி. வளைகுடாவுக்கு அக்கரையில் மலையிலிருந்து பைன் மரம் போல அடிமரமும் கிளைகளுமாக ஒரு மேகம் எழும்புவதை வீட்டிலிருந்தே பார்த்தார். முதலில் ஆராய்ச்சி ஆசையில் ஒரு சிறு படகைக் கேட்டார். உதவி கேட்டுச் சீட்டு வந்ததும் போர்க்கப்பல்களை இறக்கச் சொன்னார். கரையை நெருங்க முடியாமல் ஸ்தாபியே என்ற ஊருக்குத் திருப்பி, நண்பர் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, படுத்துத் தூங்கியும்விட்டார். அவர் குறட்டை வெளியே நின்றவர்களுக்குக் கேட்டதாம். முற்றத்தில் சாம்பல் குவிந்து கதவு திறக்க முடியாமல் போகிற நிலை வந்த பிறகுதான் எழுப்பினார்கள். தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். அலை அடங்கவில்லை. பிளினி அங்கேயே விழுந்து இறந்தார், வயது 55. இதெல்லாம் அவருடைய சகோதரி மகன் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அப்போது அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. மாமாவோடு போகாமல், கொடுத்த பாடத்தை எழுதிக்கொண்டு மிசேனத்திலேயே இருந்ததால் பிழைத்தான்.

முசிறியைப் பற்றி எழுதிய கை, நம் சாடிகள் புறப்பட்ட மலை வெடித்தபோது அந்தக் கரையிலேயே விழுந்தது. சிறுகதைக்காரர்கள் நிறைந்த மொழி இது. ஒருவருக்காவது கை அரித்திருக்க வேண்டாமா?

பொம்பெய் என்றதும் நம்மில் சிலர் 'லட்சுமி' என்று கண் விரிப்பார்கள். 1938இல் தொல்லியலாளர் அமெதேயோ மயூரி ஒரு வீட்டில் கண்டெடுத்த தந்தச் சிற்பம் அது. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏதோ ஒரு மேஜைக்கோ கண்ணாடிக்கோ தாங்கலாக இருந்திருக்கலாம். லட்சுமி என்பதைவிட யட்சி என்பதே பொருந்தும் என்றும், அவளுக்கு நெருங்கிய சகோதரிகள் மகாராஷ்டிரத்துப் போகர்தனில் கிடைத்த சிற்பங்கள் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் ஊரிலிருந்து போனவள் இல்லை என்று தெரிந்ததும் அவள்மேல் நமக்கிருந்த பாசம் பாதியாகிவிடுகிறது. அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது, வீட்டுக்காரர் யார், தெருவில் பக்கத்துக் கடையில் என்ன விற்றார்கள் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே பாசம் கிடையாது.

நாம் உண்மையில் போய் நின்றிருக்க வேண்டிய ஊர் பொம்பெய்கூட அல்ல. வளைகுடாவின் வடபுறத்தில் இருக்கும் போட்சுவோலி. பழைய பெயர் புத்தியோலி. ஓஸ்தியாவுக்குப் பக்கத்தில் பெரிய செயற்கைத் துறைமுகங்கள் எழும்பும்வரை ரோமாபுரிக்குக் கிழக்கத்தியச் சரக்கெல்லாம் இங்கேதான் வந்து இறங்கியது. அலெக்சாந்திரியாவின் தானியக் கப்பல்கள் வரப்போகின்றன என்று முன்கூட்டிச் சொல்ல வேகப் படகுகள் வரும். அவற்றின் உச்சிப் பாயைப் பார்த்தே அடையாளம் கண்டு ஊரே துறைப்பாலத்துக்குத் திரண்டு ஓடுவதை ரோமானியத் தத்துவஞானி செனகா ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைதியாக ரோமுக்குப் போன புனித பவுல் தரையிறங்கியதும் இங்கேதான். பைபிளில் புத்தேயோலி என்று படித்தவர்கள் நம்மில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அது எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்தவர்கள் எத்தனை பேர்?

அந்தத் துறைமுகத்தின் நாள்வாழ்க்கை கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. 1959இல் பொம்பெய் பக்கம் நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது சேற்றுக்குள் ஒரு கூடை நிறைய மெழுகுப் பலகைகள் அகப்பட்டன. புத்தியோலியில் வட்டிக்கடை நடத்திய சுல்பீசியஸ் குடும்பத்தாரின் பத்திரங்கள். அதில் ஒன்று கி.பி. 37 ஜூன் 18 தேதியிட்டது. நோவியஸ் யூனஸ் என்ற தானிய வியாபாரி 10,000 செஸ்டர்ஸ் கடன் வாங்குகிறார். ஈடு, அரசுக் கிடங்கில் இருக்கும் 7,000 படி அலெக்சாந்திரியக் கோதுமை, அத்துடன் 200 மூட்டைக் கொண்டைக்கடலையும் பருப்பும் இன்ன பிற தானியங்களும். படி என்று நான் சொல்வது மோடியஸ் என்ற அவர்கள் அளவை, நம் படியைவிடப் பல மடங்கு பெரியது. கடன் கொடுத்தவர் பெயர் ஹெசிகஸ். அவர் ஓர் அடிமை, அரசரிடமிருந்து விடுதலை பெற்ற ஒருவருடைய அடிமை. எஜமான் பணத்தை அடிமை வட்டிக்கு விடுகிறார், சுதந்திர மனிதர் கைகட்டிக் கையெழுத்துப் போடுகிறார். யூனஸ் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், வாயால் பேசுகிற மாதிரியே எழுத்துக்கூட்டி, இலக்கணத்தைக் கொலை செய்து. நம் கிராமத்துப் புரோநோட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையெழுத்தோடு உடனே ஒட்டுதல் வந்துவிடும்.

நாம் வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் என்ற பழைய வணிகப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவோம், அதில் வரும் ஹெர்மாபோல்லோன் கப்பலைச் சொல்வோம், அதில் முசிறி பெயர் இருக்கிறது. யூனஸின் பலகையில் நம் ஊர் இல்லை, அதனால் அவர் நமக்கு இல்லை. ஆனால் நம் மிளகு போய்ச் சேர்ந்த உலகம் எந்தக் கடனில், எந்தக் கிடங்கில், எந்த மனிதர்களால் ஓடியது என்று புரிய இந்தப் பலகைகள்தான் வேண்டும்.

புத்தியோலியில் வெளியூர்க்காரர்கள் தங்கள் சாமிகளோடு வந்து குடியேறினார்கள். சாம்பிராணி, வாசனைப் பொருள் வியாபாரத்தில் கைதேர்ந்த நபாத்தியர் அரேபியப் பாலைவனத்துத் துஷாரா என்ற தெய்வத்துக்கு இங்கே கோயில் கட்டினார்கள். அந்தக் கோயிலின் பளிங்குப் பலிபீடங்கள் இரண்டு 2023இல் கடலடியில் மறுபடி கண்ணில் பட்டன. பலிபீடம் எப்படிக் கடலுக்குள் போனது என்பதில்தான் இந்த ஊரின் விசேஷம் இருக்கிறது. இங்கே தரை மூச்சு விடுகிறது.

போட்சுவோலி நிற்பது ஒரு மலையின்மேல் அல்ல, எரிமலைப் பள்ளத்தின் நடுவில். காம்பி ஃபிளெக்ரெய் என்ற அந்தப் பள்ளம் சுமார் 40,000 வருஷத்துக்கு முன்னால் வெடித்தது ஐரோப்பா கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. 1538இல் ஒரே வாரத்தில் சமதளத்திலிருந்து ஒரு குன்று முளைத்து ஒரு கிராமத்தை விழுங்கியது. அதற்குப் பெயரே புதுமலை, மோந்தே நுவோவோ. மற்ற நாட்களில் தரை மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஊர் நடுவே பழைய சந்தைக் கட்டடத்தில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. 1750இல் தோண்டியபோது செராபிஸ் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. தூண்களின் அடியில் 12 அடிவரை வழவழப்பு. அதற்கு மேல் 9 அடி உயரத்துக்குக் கல் முழுக்கத் துளைத் துளையாக இருக்கும். கல்லைக் குடையும் ஒரு வகைக் கடல் மட்டியின் வேலை. ஆக, நிலத்தில் கட்டிய தூண் கடலுக்குள் அந்த உயரம்வரை இறங்கி, மட்டிகளுக்கு வீடாகி, மறுபடி எழுந்து வந்திருக்கிறது, விழாமல். 1830இல் சார்லஸ் லயெல் தன் நிலவியல் நூலின் முகப்பில் இந்தத் தூண்களின் படத்தைத்தான் போட்டார். பூமியின் வயதைப் பற்றி மனிதர் சிந்தித்த விதம் மாறியதில் இந்தத் துளைகளுக்குப் பங்கு உண்டு.

பக்கத்து ஊர் பாயே ரோமானியக் கனவான்களின் உல்லாசபுரி. அதில் பாதி இன்று கடலுக்கு அடியில். மொசைக் தரைமேல் மீன் நீந்துவதைக் கண்ணாடி அடிப்படகில் போய்ப் பார்க்கலாம். சுற்றுலா விளம்பரங்களே இதைப் போதுமான அளவு சொல்கின்றன.

இந்த ஊரிடம் நமக்கு இன்னொரு கடனும் உண்டு. இந்தக் கரையின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று ரோமானியர் கண்டுபிடித்தார்கள். ஏரோது மன்னன் பாலஸ்தீனத்தில் செசரேயா துறைமுகம் கட்டியபோது இந்தச் சாம்பலைக் கப்பல் கப்பலாக வரவழைத்தான். புத்தியோலிப் பொடி என்பதிலிருந்து வந்ததுதான் போஸ்ஸோலானா. நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்குகிற பி.பி.சி. சிமெண்டில் நடு எழுத்து அதுதான். இப்போது உள்ளே இருப்பது அனல்மின் நிலையத்துச் சாம்பல். அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தரை மூச்சு விடுகிறது என்று எழுதுவதற்கு அழகாக இருக்கிறது. அதன்மேல் குடியிருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. 1970 மார்ச் 2ஆம் தேதி ரியோனே தெர்ரா என்ற கடலோரக் குன்றுப் பேட்டையில் ராணுவமும் போலீசும் வந்து இறங்கி, சுமார் 3,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். தரை எழும்புகிறது, ஆபத்து என்றார்கள். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்கள், ஏழைகள். திரும்ப விடவே இல்லை. அவர்கள் வீடுகளுக்கு அடியில் ரோமானியத் தெருக்கள் கிடைத்தன. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். 1982 முதல் 84 வரை தரை 1.8 மீட்டர் எழும்பியது. சுமார் 40,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுக்காக மோந்தெருஷெல்லோ என்ற புது நகரே கட்டினார்கள். துறைமுகத்தில் நீர் வற்றிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடுகிற அளவுக்குக் கடலடி மேலே வந்துவிட்டது. 2005 முதல் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாதம் 4.4 ரிக்டர் அளவில் ஒரு நடுக்கம், நாற்பது வருஷத்தில் அதுவரை வராத அளவு. இரவுகளைக் காரிலும் மைதானத்திலும் கழித்த ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளத்துக்குள் சுமார் ஐந்து லட்சம் பேர், வெசூவியஸின் சிவப்பு வளையத்துக்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர். நம் நாளிதழ்களில் இது வந்தால் 'உலகம்' பகுதியில் இரண்டு வரி. சுனாமியையும் கடலோரக் குப்பங்களைக் கிளப்பிக் கொண்டுபோய் எங்கோ தூரத்துக் குடியிருப்பில் போட்டதையும் கண்ணால் பார்த்த நமக்கு, ரியோனே தெர்ரா புரியாத விஷயமா? புரியும். கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பேக்கேஜ் டூரில் போகிறவர்களும் ரோம், பீசா, வெனிஸ் பார்த்துவிட்டு வருகிறார்கள். நேப்பிள்ஸ் என்றால் திருட்டுப் பயம், பீட்சா, பொம்பெய்க்கு அரை நாள். அதைக் குறை சொல்ல மாட்டேன், காசும் லீவும் அவரவர்க்கு அளவு. புத்தகம் படிக்கிற நாம் செலவில்லாமல் போயிருக்கலாம்.

நம்மவர் ஒருவர் அந்த மண்ணிலேயே இறந்தார் என்பதுகூட நமக்குப் பொதுஅறிவு ஆகவில்லை. காஞ்சிபுரத்துப் பக்கச் சிற்றூரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். தம்பிகள் என்று பட்டாளத்தில் பட்டப்பெயர் பெற்ற அதே பிரிவு. கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று, கம்பானியாவின் உள்நாட்டில் மின்யானோவுக்குப் பக்கத்தில், முன்னால் போன சிப்பாய் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில விநாடிகள் இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறப்புக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் வெசூவியஸ் வெடித்தது, இன்றுவரை அதன் கடைசி வெடிப்பு அதுதான். அந்த ஆண்டு ஜூலையில் வீலர் சென்னையில் அலமாரியைத் திறந்தார். அலமாரிக் கதைக்கு நாம் இடம் கொடுத்தோம். காலனி ராணுவத்தில் செத்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல், சுப்பிரமணியனை ஒதுக்கிவிட்டோம். நாஜிகளுக்கு எதிரான போரில் செத்தார் என்பது அந்தக் குழப்பத்தில் மறைந்துபோனது.

கடைசியாகப் பவளம். இது பழங்கதை இல்லை, இன்றைக்கும் நம் விரலில் இருக்கிறது. முசிறிக்கு வந்த சரக்குகளில் பவளத்தையும் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்கிறது. நாம் முத்துக்குக் கொடுக்கிற மதிப்பை இந்தியர் பவளத்துக்குக் கொடுக்கிறார்கள், அவர்களுடைய சோதிடர்கள் அதை ஆபத்தைத் தடுக்கும் காப்பு என்று நம்புகிறார்கள், அங்கே அவ்வளவும் போய்விடுவதால் பிறந்த இடத்திலேயே அதைக் காண்பது அரிதாகிவிட்டது என்று எழுதியவரும் பிளினிதான். விளையும் இடங்களில் நேப்பிள்ஸ் கடலையும் சேர்த்துச் சொல்கிறார். அவருடைய ஐந்து கோடியை ஒப்பிக்கிற நமக்கு இந்தப் பத்தி மட்டும் கண்ணில் படாமல் போனது ஆச்சரியம்தான்.

வெசூவியஸ் அடிவாரத்துத் தோர்ரே தெல் கிரேகோ பவளத் தொழிலின் தலைநகரம். எரிமலைக் குழம்பில் 1794இல் பெரும்பகுதி அழிந்து, அதே குழம்பின்மேல் மறுபடி கட்டிய ஊர். அங்கிருந்து படகுகள் சார்தீனியா, ஆப்பிரிக்கக் கரைவரை போகும். குறுக்கே அடித்த கனத்த மரச் சிலுவையில் பழைய வலைகளைக் கட்டிக் கடலடியில் இழுப்பார்கள். பாறை இடுக்கில் இருந்த பவளமும் அதைச் சுற்றி இருந்ததெல்லாமும் பெயர்ந்து வரும், பாதி உடைந்து கீழேயே போகும். 1875க்குப் பிறகு சிசிலியின் ஷாக்கா கடலில் பெரிய பவளத் திட்டுகள் அகப்பட்டபோது நூற்றுக்கணக்கான படகுகள் மொய்த்து, சில வருஷங்களில் சுரண்டி முடித்தன. அந்தப் பவளத்துக்குப் பெரிய சந்தை பிரிட்டிஷ் இந்தியா. நம் பாட்டிமார் கழுத்துப் பவள மாலைகளும் தாலிச் சரட்டில் கோத்த பவளங்களும் எங்கிருந்து வந்தன என்று நாம் யோசித்ததில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் அந்தச் சிலுவை வலையைத் தடை செய்தது. இப்போது உரிமம் வாங்கிய முக்குளிப்பாளர்கள் காற்றுக் குடுவையோடு இறங்கிக் கையால் கொத்தி எடுக்க வேண்டும், 50 மீட்டர் ஆழத்துக்கு மேலே தொடக்கூடாது, அடிக்கிளை 7 மில்லிமீட்டராவது பருத்திருக்க வேண்டும். செவ்வாய் தோஷத்துக்குப் பவளம் பார்க்கப் போனால் நகைக்கடைக்காரர் தட்டை நகர்த்தி, 'இத்தாலியன் சார், அசல்' என்பார். நாம் நிறத்தைப் பார்ப்போம், கேரட் விலையைக் கேட்போம், போலியோ என்று நகத்தால் கீறிப் பார்ப்போம். கடலடியில் ஒரு கிளை அந்த 7 மில்லிமீட்டர் பருக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டில், ஆறு கேரட்டுக்குக் குறையக் கூடாது என்று இருக்கும்.